"இந்தத் தொட்டியில எத்தனை மீன் விடலாம், பாட்டி?"

 

ரொம்ப நாளாக எழுதவில்லை. இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். ஒரு மீன்தொட்டியைப் பற்றியதுதான். ஆனால் நடுவில் ஒரு பழைய கணக்கைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. அதனால் 1989-ல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் மட்டுமாவது கடைசி வரை படியுங்கள்.

பேரனின் பிறந்தநாளுக்கு அவன் மாமா ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிக் கொடுத்தார். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. மீன் வாங்கத் தாம்பரம் போனோம். கடைக்காரத் தம்பி தொட்டியின் அளவைக் கேட்டுவிட்டு, "இருபது விடலாம்மா, தாராளமா இருக்கும்" என்றார். பேரன் முப்பது கேட்டான். மகள் பத்து போதும் என்றாள். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். டீச்சருக்குத் தெரியாததா என்ற நம்பிக்கை!

"இன்னைக்கு எதுவும் வேண்டாம், பாட்டி படிச்சிட்டுச் சொல்றேன்" என்று வெறுங்கையோடு கூட்டி வந்துவிட்டேன். படப்பை வந்து சேரும் வரை பையன் பேசவே இல்லை. நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

படிக்க ஆரம்பித்த பிறகுதான், "எத்தனை மீன்?" என்ற இந்தச் சின்னக் கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலான வரலாறு இருப்பது தெரிந்தது. படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

1665-ல் லண்டனில் சாமுவேல் பெப்பிஸ் என்ற கடற்படை அதிகாரி தன் நாட்குறிப்பில், ஒரு வீட்டில் கண்ணாடிப் பாத்திரத் தண்ணீரில் மீன்கள் வைத்திருப்பதைப் பார்த்ததாக எழுதினார். அவை அப்படியே எப்போதும் உயிரோடு இருக்குமாம் என்று வியந்திருக்கிறார். தண்ணீரை ஊற்றி மீனை விட்டால் போதும், மீதியைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அன்றே இருந்திருக்கிறது. இன்றும் பாதி வீடுகளில் அது அப்படியேதான் இருக்கிறது.

இந்த நம்பிக்கையை முதன்முதலில் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர் ராபர்ட் வாரிங்டன். லண்டனில் மருந்து தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்தவர். சுமார் 12 காலன் பிடிக்கும் கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்து, அடியில் மணலும் சேறும் கல்லும் போட்டு, நாடா மாதிரி நீண்ட இலையுள்ள வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியை நட்டார். பிறகு மீன் விட்டார்.

எத்தனை தெரியுமா? இரண்டு. இரண்டே இரண்டு சின்னத் தங்கமீன்கள்.

அந்த நாட்டுக் காலன் என்பது 4.546 லிட்டர். 12 காலன் என்றால் கிட்டத்தட்ட 54 லிட்டர். இப்போது எங்கள் தொட்டியைக் கணக்குப் போடுங்கள். 60 × 30 × 30 சென்டிமீட்டர், 54,000 கன சென்டிமீட்டர், அதாவது அதே 54 லிட்டர்! வாரிங்டனின் பாத்திரமும் என் பேரனின் தொட்டியும் ஒரே கொள்ளளவு. அவர் விட்டது இரண்டு மீன், தாம்பரத்துத் தம்பி சொன்னது இருபது.

இரண்டு மீனுக்கே வாரிங்டன் சிரமப்பட்டார். கொஞ்ச நாளில் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. பிறகு குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தை அழுகலைத் தின்றது, நத்தையின் முட்டையை மீன் தின்றது, தண்ணீர் தெளிந்தது. மீன் மூச்சில் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்கிறது, செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்கிறது, கழிவை நத்தை பார்த்துக்கொள்கிறது. இந்தச் சமநிலையைப் பற்றி 1850-ல் லண்டன் வேதியியல் சங்கத்தில் கட்டுரை படித்தார்.

1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் பொதுமக்கள் பார்ப்பதற்கென்றே மீன் இல்லம் திறந்தார்கள். அதில் முக்கியப் பங்கு வகித்த பிலிப் ஹென்றி காஸ் அடுத்த ஆண்டே ஒரு புத்தகம் போட்டார். 'அக்வேரியம்' என்ற சொல் வீடு வீடாகப் போனது அதற்குப் பிறகுதான். கூடத்தில் மீன்தொட்டி வைப்பது அங்கே ஒரு மோகமாகவே ஆகிவிட்டது.

அந்த மோகம் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் 1909-ல் மெரினா கடற்கரையில் மீன் காட்சியகம் திறந்தார்கள். இந்தியாவிலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். 1919-ல் அது மீன்வளத் துறையின் கைக்குப் போனது. இன்று அதே சென்னையில், வடக்கே கொளத்தூர் என்றாலே வண்ணமீன்தான். அங்கே வளர்க்கிறார்கள், விற்கிறார்கள், பாலிதீன் பையில் ஆக்சிஜன் அடைத்து ஊர் ஊராக அனுப்புகிறார்கள்.

நிற்க. வாரிங்டனின் 'சமநிலை' பாடத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்க வேண்டும். நான்தான் உங்களுக்கு நடத்தினேன்.

1989. ஐந்தாம் வகுப்பு. தாவரமும் விலங்கும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைப் பற்றிய பாடம். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கினேன். அதோடு விடாமல், உங்களில் ஒருவருடைய அப்பா கண்ணாடி வேலை செய்பவர், அவரிடம் சொல்லி இரண்டடித் தொட்டி ஒன்று செய்து வாங்கினேன். ஆமாம், அதுவும் இரண்டடிதான். மணல் போட்டு, ஏரிக்கால்வாயிலிருந்து வேலம்பாசி கொண்டுவந்து நட்டோம்.

வகுப்பில் 38 பேர். எல்லோருக்கும் தன் மீன் அதில் இருக்க வேண்டும். ஒருவரை விட்டால் இன்னொருவர் அழுவார். பாரபட்சம் கூடாது என்று, "ஆளுக்கு ஒண்ணு கொண்டாங்க" என்று சொல்லிவிட்டேன். கிணற்றில் பிடித்தது, வாய்க்காலில் பிடித்தது, காசு கொடுத்து வாங்கியது என்று 38 மீன் வந்து சேர்ந்தன. மேலே ஒரு பழைய கொசுவலையைக் கட்டினோம். அன்று வெள்ளிக்கிழமை. மணியடித்ததும் சன்னல்களை எல்லாம் சாத்திப் பூட்டிவிட்டுப் போனோம்.

திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்ததும் நாற்றம். தொட்டி முழுக்க வெள்ளை வயிறுகள். நினைவிருக்கிறதா?

நான் என்ன செய்தேன் என்பதும் நினைவிருக்கும். "யாருடா என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு பையன் ஒரு கைப்பிடி பொரி போட்டதாக நான்கைந்து பேர் சொன்னார்கள். அவனும் ஒத்துக்கொண்டான். மணிமங்கலம் ஏரிக்கரைப் பக்கமிருந்து வரும் பையன். அவனை வாசலில் முட்டி போட வைத்தேன். செத்த மீன்களை அவன் கையாலேயே அள்ளிக் குழியில் போடச் சொன்னேன். அன்றிலிருந்து வகுப்பில் அவனுக்கு 'மீன்கொல்லி' என்று பெயர் விழுந்தது. வருடம் முழுக்க அந்தப் பெயர் என் காதில் விழுந்தது. ஒரு நாளும் நான் தடுக்கவில்லை.

அந்த 38-ல் 3 மீன் சாகவில்லை. மூன்றும் பனையேறிக் கெண்டை. வாசலில் முட்டி போட்டபடியே அந்தப் பையன் சொன்னான்: "டீச்சர், அது மட்டும் மேல வந்து வந்து மூச்சு விடுது டீச்சர்." "வாயை மூடு" என்றேன்.

இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் தரங்கம்பாடிக்குக் கூட்டிப் போகிறேன். அப்போது அது டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். 1791-ல் டால்டார்ஃப் என்ற டேனிஷ் கம்பெனி அதிகாரி, குளத்தோரத்துப் பனைமரத்தில், தண்ணீரிலிருந்து ஐந்தடி உயரத்தில் ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைத் தானே பார்த்ததாக எழுதினார். அந்தக் குறிப்பு லண்டன் வரை போய் அச்சானது. மரம் ஏறுமா, ஏறாதா என்று பின்னால் வந்த அறிஞர்கள் நிறையச் சண்டை போட்டார்கள். நம்மூரில் அதற்கு எப்போதோ 'பனையேறி' என்று பெயர் வைத்தாயிற்று!

மரமேறுவது கிடக்கட்டும். அது தண்ணீரைவிட்டு வெளியே எப்படி உயிரோடு இருக்கிறது என்பதுதான் விஷயம். அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. மேலே வந்து காற்றை வாயால் விழுங்கி, அதிலிருந்தே பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். கடையில் விற்கும் ஃபைட்டர் மீனுக்கும் கௌராமிக்கும் இதே உறுப்பு உண்டு. விராலும் குரவையும்கூட வேறு அமைப்பில் காற்றைச் சுவாசிப்பவைதான். அதனால்தான் கோடையில் ஏரி வற்றிச் சேறாகும்போது மற்ற மீனெல்லாம் செத்தாலும் இவை தாக்குப் பிடிக்கின்றன.

ஆக, 1989-ல் அந்தத் தொட்டியில் நடந்தது என்ன? காற்றை நேராகச் சுவாசிக்கும் மீன் பிழைத்தது, தண்ணீரில் கரைந்த பிராணவாயுவை நம்பிய மீன் செத்தது. விடை தொட்டியிலேயே நீந்திக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் வாசலில் முட்டி போட்டிருந்தான்.

"தொட்டியில வேலம்பாசி இருந்ததே டீச்சர், அது பிராணவாயு கொடுக்குமே?" என்று கேட்பீர்கள். கொடுக்கும், வெளிச்சம் இருந்தால். நான் சன்னலைச் சாத்திப் பூட்டிவிட்டுப் போனேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அறை இருட்டு. இருட்டில் செடியும் நம்மைப் போலத்தான், பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை விடும். மீனுக்குத் துணை என்று நான் வைத்த செடி, இருட்டில் மீனோடு பங்குக்கு நின்றது. அந்த அம்புக்குறிப் படத்தில் நான் ஒரு சூரியனை வரைந்தேன். அது ஏன் அங்கே இருக்கிறது என்று நானே யோசிக்கவில்லை.

இன்னொன்று, நம் ஊர் வெயில். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் பிராணவாயு குறைவாகவே கரையும். 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11.3 மில்லிகிராம் கரையும். 20 டிகிரியில் 9.1. நம் வீட்டுத் தொட்டி சாதாரணமாக இருக்கும் 30 டிகிரியில் 7.5 தான். சூடு கூடினால் மீனின் உடல் வேகமாக வேலை செய்யும், அதற்குத் தேவையும் கூடும். வரவு குறைந்து செலவு ஏறும் குடும்பம் மாதிரி. குளிர்நாட்டில் கூடத்தில் வைத்த தொட்டிக்குப் போட்ட கணக்கை அப்படியே எடுத்துப் படப்பையில் போட முடியாது.

மூச்சு ஒரு பக்கம். கழிவு இன்னொரு பக்கம். மீன் தன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மீனுக்கு விஷம். வாரிங்டனின் சமநிலைக் கணக்கில் இது சரியாக வரவில்லை. அவர் காலத்தில் இதன் வழி யாருக்கும் தெரியாது.

1877-ல் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சாக்கடைத் தண்ணீரை மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் வழியாக மெதுவாக வடியவிட்டார்கள். முதல் இருபது நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதன் பிறகு அமோனியா மறைந்து நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் அந்த மாற்றம் நின்றுவிட்டது. வெறும் வேதிவினையாக இருந்தால் மயக்க மருந்துக்கு ஏன் நிற்க வேண்டும்? மணலில் உயிர்கள் இருந்து வேலை செய்கின்றன என்று அதனால் தெரிந்தது.

அந்த வேலையைத் தொடர்ந்து எடுத்துச் செய்தவர்களில் ஒருவர் பெயரும் ராபர்ட் வாரிங்டன். ஆமாம், நம் தங்கமீன் வாரிங்டனின் மகன்! இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில், அமோனியா முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் இரண்டு படியாக மாறுவதைக் காட்டினார். அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுப்பது அவருக்குக் கைகூடவில்லை. 1890 வாக்கில் ரஷ்யரான வினோகிராட்ஸ்கி அதைச் செய்தார். அப்பா தொட்டியில் விட்டுவைத்த கேள்விக்கு மகன் மண்ணில் பாதி விடை கண்டார். இதைப் படித்தபோது எனக்கு ஏனோ கண் கலங்கியது.

புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் இருக்காது. மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் அவை பெருகி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். என் வகுப்புத் தொட்டிக்கு நான் கொடுத்த அவகாசம் ஒரு நாள்கூட இல்லை. முதல் நாளே 38 மீன்.

சரி, கணக்குக்கு வருவோம். எத்தனை மீன் என்பதற்குப் பழைய மீன்வளர்ப்புப் புத்தகங்களில் இரண்டு விதமான கணக்கு உண்டு.

முதலாவது, ஒரு காலனுக்கு ஓரங்குல மீன். சுலபமாக இருப்பதால் ஊரெல்லாம் பரவிவிட்டது. இதில் மூன்று ஓட்டை. முதல் ஓட்டை காலன். பிரிட்டிஷ் காலன் 4.546 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். எந்தக் காலன் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டாவது ஓட்டை, கடையில் இருக்கும் மீனின் நீளமா, வளர்ந்த பிறகு இருக்கும் நீளமா என்பது. இரண்டங்குலத் தங்கமீன் குஞ்சு நன்றாக வளர்ந்தால் எட்டங்குலமும் தாண்டும். மூன்றாவது ஓட்டையை நீங்களே கண்டுபிடிக்கலாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். இரண்டங்குல மீன் ஐந்து, மொத்தம் பத்தங்குலம். பத்தங்குல மீன் ஒன்று, அதுவும் பத்தங்குலம். இரண்டும் சமமா? நீளம் ஐந்து மடங்கானால் அகலமும் கனமும் ஐந்தைந்து மடங்கு. 5 × 5 × 5 = 125. அந்த ஒரு பெரிய மீன் 125 சின்ன மீனின் எடை. ஐந்து சின்ன மீனோடு ஒப்பிட்டால் 25 மடங்கு. தின்பதும் கழிப்பதும் ஏறக்குறைய அந்தப் போக்கில்தான். நீளத்தை மட்டும் கூட்டினால் கணக்கு பொய்த்துவிடும்.

இரண்டாவது, நீர்ப்பரப்புக் கணக்கு. மின்சாரக் காற்றுப் பம்பு வீடுகளுக்கு வராத காலத்தில், காற்று தண்ணீருக்குள் இறங்குவது மேற்பரப்பு வழியாகத்தான் என்று தெரிந்து, நீளம் × அகலத்தைப் பார்த்தார்கள். 12 சதுர அங்குலப் பரப்புக்கு ஓரங்குல மீன் என்பது ஒரு பழைய அளவு. ஒரே அளவு தண்ணீரை அகலமான அண்டாவிலும் ஊற்றலாம், குறுகலான கூஜாவிலும் ஊற்றலாம். மீனுக்கு அண்டாதான் நல்லது. கழுத்து குறுகிய உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தை மீனுக்குக் கொடுமை என்று சொல்லி இத்தாலியின் மோன்சா நகரம் 2004-லும் ரோம் நகரம் 2005-லும் தடை செய்தன. நம் கடைகளில் இன்னும் அழகாக அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

எங்கள் தொட்டிக்கு இரண்டையும் போட்டுப் பார்த்தேன். மணலும் மேல் இடைவெளியும் போகத் தண்ணீர் சுமார் 45 லிட்டர், பிரிட்டிஷ் காலனில் 10. அதாவது பத்தங்குல மீன். பரப்பு 24 × 12 = 288 சதுர அங்குலம், அதை 12-ஆல் வகுத்தால் 24 அங்குல மீன். ஒரே தொட்டி, ஒரு கணக்கில் 10, இன்னொரு கணக்கில் 24. எதை எடுப்பது?

இங்கேதான் நம் ஊர்க் கணக்கு ஒன்றைச் சேர்த்தேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. கரண்ட் கணக்கு.

2016 டிசம்பர் 12, வர்தா புயல் நினைவிருக்கிறதா? நம் பக்கமெல்லாம் மரமும் கம்பமும் சாய்ந்து, எங்கள் தெருவுக்குப் பல நாள் கழித்துத்தான் கரண்ட் வந்தது. பம்பும் ஃபில்டரும் ஓடும்போது இருபது மீன் பிழைத்திருக்கலாம். கடைக்காரத் தம்பி பொய் சொல்லவில்லை, அவர் கடையில் பம்பு நிற்பதே இல்லை. ஆனால் தொட்டியின் உண்மையான அளவு பம்பு நின்ற அன்றுதான் தெரியும். கரண்ட் இல்லாத ஒரு மே மாத ராத்திரியை எத்தனை மீன் தாண்டுமோ, அத்தனைதான் நம் எண்ணிக்கை.

ஆகவே இரண்டு விடைகளில் சின்னதை எடுத்து, அதிலும் கொஞ்சம் குறைத்தேன். ஆண் கப்பி மீன், ஆறு. ஒன்று சுமார் ஓரங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், ஆறுக்கும் சேர்த்து ஏழு, எட்டு அங்குலம். எங்கள் போர் தண்ணீர் உப்புத்தன்மை உள்ளது, கப்பி அதைத் தாங்கும். ஏன் ஆண் மட்டும் என்றால், ஒரு பெண் கப்பி மாதத்துக்கு ஒரு முறை இருபது, முப்பது என்று குட்டி போடும். நான் எத்தனை என்று தீர்மானித்தாலும் அது தன் கணக்கை மாற்றிவிடும்!

ஆறையும் ஒரே நாளில் விடவில்லை. முதலில் மூன்று. கடைக்காரத் தம்பியிடம் கேட்டு, நோயில்லாத ஒரு பழைய தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கி வந்து எங்கள் ஃபில்டரில் வைத்தேன். உறைமோர் ஊற்றித் தயிர் தோய்ப்பது மாதிரிதான், நுண்ணுயிருக்கும் உறை வேண்டும். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மாற்றம். ஐந்து வாரம் கழித்து மீதி மூன்று. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லிச் சக்கர் மீன் ஒன்றை இனாமாகவே கொடுக்க வந்தார். வேண்டாம் என்றேன். அது ஓரடிக்கு மேல் வளரும். பிறகு வைத்துக்கொள்ள முடியாமல் ஏரியில் விடுவார்கள். அங்கே அது பெருகி நம் நாட்டு மீனுக்கு எமனாகும். உங்கள் வீட்டில் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள், கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

பேரன் முதலில் கோபித்துக்கொண்டான். "இவ்ளோ பெரிய தொட்டிக்கு மூணு மீனா? ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பாங்க." இப்போது மூன்றுக்கும் பெயர் வைத்து, எது முதலில் சாப்பிட வருகிறது, எது செடிக்குப் பின்னால் ஒளிகிறது என்று நோட்டில் எழுதுகிறான். முப்பது இருந்தால் ஒன்றையும் தனியாகத் தெரிந்திருக்காது. வகுப்பறையும் அப்படித்தான் என்று உங்களில் ஆசிரியர் ஆனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பழைய கணக்கு.

பெயர் சொல்லமாட்டேன். நீ இங்கே இருக்கிறாயா என்றுகூட எனக்குத் தெரியாது. இருந்தால் உனக்குத் தெரியும். கண்ணு, மீன் செத்தது உன் பொரியால் இல்லை. பொரி ஊறி அழுகியதில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கெட்டிருக்கலாம். நீ பொரி போடாமல் இருந்திருந்தாலும் அவை செத்திருக்கும். ஐம்பது லிட்டர் தண்ணீரில் 38 மீனை விடச் சொன்னது நான். முதல் நாளே விடச் சொன்னதும் நான். சன்னலைச் சாத்தியதும் நான். காரணம் தெரியாத டீச்சர் ஒரு பத்து வயதுப் பிள்ளையைக் காரணமாக்கினேன். நீ பார்த்துச் சொன்னதுதான் சரியான விடை. முழு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டிய விடைக்கு உன்னை முட்டி போட வைத்தேன். என்னை மன்னித்துவிடு.

அந்த வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அவனை எங்கேயாவது பார்த்தால், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டே பழகிவிட்டது என்றால், டீச்சர் இப்படி எழுதியிருக்கிறார் என்று இதைக் காட்டுங்கள். யாருக்காவது அவன் இருக்கும் இடம் தெரிந்தால், இங்கே எழுத வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். நானே போய்ப் பார்க்கிறேன்.

தொட்டியில் மீதி மூன்று மீன் விட இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. அந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். மீன் வாங்கிக்கொண்டு மட்டும் வந்துவிடாதீர்கள்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
படப்பை